ஆறு நூல்

1

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. மழை வருவதுபோல் மூடியிருந்தது, வரவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு மேலே, 23 படி ஏறி, கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனிக்குள் நுழைந்தேன். மிளகாய் நெடியில் நாலு முறை தும்மினேன். நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் 34 வருடம் டிராயிங் போட்டு ஓய்வு பெற்றவன். அவர்களுடைய விளையாட்டுக்கு நம் பக்கத்து மந்திர வாள் ஒன்றை அளவோடு வரைய ஆள் தேடினார்கள். வாளுக்கு 9,000 ரூபாய். முதல் வாள் தேறினால் இன்னும் இரண்டு.

முதலாளிக்கு முப்பது வயது இருக்கும். வாள் என்ன எடை என்று கேட்டேன்.

"மூணு கட்டம் சார்."

"கிலோ கணக்குல?"

"கிலோ எல்லாம் இல்ல சார். விளையாட்டுல வீரன் தூக்கிட்டுப் போற பைக்குள்ள மூணு கட்டம் அடைக்கும்."

குறித்துக்கொண்டேன். புரியவில்லை.

2

கெங்கவல்லி பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் நட்டிருக்கும் வாளை அளந்தேன். நீளம் 51 அங்குலம். அது யாரையும் வெட்டியதில்லை. வழக்கு வந்தால் அதைத் தொட்டுச் சத்தியம் செய்வார்கள். பொய்யன் கை வைக்கப் பயப்படுவான். இதைச் சொன்னதும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதான் சார் பவர். வாளைப் பிடிச்சுட்டுப் பொய் சொன்னா பலம் குறையும். ஒரு பொய்க்குப் பத்து பர்சென்ட்."

"எதுல பத்து?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் சார்."

நான் வரைந்ததைக் கம்ப்யூட்டரில் வாளாக்குகிறவள் கவிதா, புதுச்சத்திரத்துப் பெண். சேர்ந்து ஐந்து மாதம். இந்த வாள் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்றாள். மூன்று தாள் டிராயிங்கை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

3

ஜூன் 28, வெள்ளிக்கிழமை. ஆறு பேர் உட்கார்ந்து வாளைத் திரையில் பார்த்தோம். கைப்பிடிக்கு மேலே நான் வரைந்த பித்தளைப் பூணைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"என்ன சாமி இது, பூண் எங்கே?" என்று கவிதாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, நீங்கதான அம்புக்குறி போட்டு 6 நூல்னு எழுதியிருந்தீங்க? எண்ணி ஆறு சுத்தியிருக்கேனுங்க. செகப்பு மட்டும் என்ற சொந்த ஐடியாங்க."

பட்டறையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம், பூணின் அகலம். 34 வருடத்தில் ஒருவர்கூட அதை வேறுவிதமாகப் படித்ததில்லை.

முதலாளிக்கு அந்த நூல்தான் பிடித்திருந்தது. "ஒரு பொய்க்கு ஒரு நூல் அறுந்துடணும். ஆறும் அறுந்தா வாள் போச்சு. இது எந்தக் காலத்து வழக்கம் சார்? ரெண்டு வரி சொல்லுங்க, பழைய மரபுன்னு கீழ போட்டுடலாம்."

கவிதா என்னையே பார்த்தாள். ஆமாம் என்றால் அவளுக்கு வேலை, எனக்கு இரண்டு வாள். இல்லை என்றால் என்ன ஆகும் என்று என்னால் கணக்குப் போட முடியவில்லை.

"வழக்கம் ஒண்ணும் இல்லைங்க. அது முக்கால் இஞ்ச்" என்றேன். விளக்கிச் சொன்னேன். "தப்பு என்னுது. அந்தப் பொண்ணு எழுதினதைத்தான் செஞ்சிருக்கு."

பிறகு ஒருவர், "முக்கால் இஞ்ச் மரபுன்னு போட்டுடலாமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"நூல் இருக்கட்டும். அப்ப இது கவிதா யோசிச்ச வாள்தானே? மத்த ரெண்டையும் அவங்களே செய்யட்டும். சாரை எதுக்குச் சிரமப்படுத்தணும்."

ஜூலையில் கவிதா நிரந்தரமானாள். போனில், "கோவமுங்களா சார்?" என்றாள். இல்லை என்றேன். எனக்கே அது சரியாகத் தெரியவில்லை.

டிராயிங் பழகுகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: அம்புக்குறி போட்டால் அது நீளமா, அகலமா, கனமா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நான் 'அகலம்' என்ற ஒரு சொல்லை விட்டேன். எழுதியிருந்தால் வாள் தேறியிருக்குமா என்பது இன்றுவரை விளங்கவில்லை. விட்டதில் எனக்குப் போனது 18,000 ரூபாய்.