சத்தம் பத்தாதாம் எங்கள் கேசட்டுக்கு

இன்று காரைக்குடியில், கேசட் காப்பி போடும் கடைக்கு நானும் தங்கை ஆரோக்கியமும் போயிருந்தோம். அவள் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து, கடைசியில் சத்தத்தைச் சீராக்கும் மாஸ்டரிங்கையும் நானே முடித்திருந்தேன்.

கடைக்காரர் போட்டுக் கேட்டார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"சத்தம் பத்தலையேம்மா. இப்ப வர்ற கேசட்டெல்லாம் எப்படி அதிருது! எந்த பிளக்-இன் போட்டீக?"

மாஸ்டரிங்குக்கு நான் போட்ட மென்பொருளின் பெயரைச் சொன்னேன். சிரித்தார்.

"அது சல்லிசாக் கெடைக்கிறதுல்ல? நல்ல வெலையில ஒண்ணு வாங்கிப் போடுங்க. இல்லாட்டி மெட்ராஸுக்குப் போயி பண்ணிட்டு வாங்க. இப்படியே காப்பி போட்டா என் கடைப் பேரு கெட்டுப்போகும்."

அந்த விலை உயர்ந்ததையும் சில நாள் இலவசமாகப் போட்டுப் பார்த்தவள்தான் நான். சத்தத்தைத் தூக்கிக் கொடுத்தது, உண்மை. ஆனால் தாலாட்டில் ஆரோக்கியம் குரலைத் தணிக்கும் இடமெல்லாம் கூச்சலாகிவிட்டது. குழந்தை இயேசுவே எழுந்து அழுதிருப்பார். மலிவானது அவள் குரலை அப்படியே விட்டுவைத்தது. அதனால்தான் அதை எடுத்தேன்.

அவரிடமும் இதையே சொன்னேன்.

"ஒங்க இஷ்டம். ஆனா நான் காப்பி போட மாட்டேன்."

ஆரோக்கியம் கேசட்டை எடுத்துப் பையில் போட்டாள்.

"நீங்க போட வேணாம்ணே. நாங்களே போட்டுக்கிறோம். வாக்கா, போவோம்."

இப்போது கண்டனூரில் எங்கள் வீட்டில், இரண்டு கேசட் போடும் டபுள் டெக்கில் ஒவ்வொன்றாகக் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. வேண்டியவர்கள் எழுதுங்கள்.

சத்தம் போதவில்லை என்றால், உங்கள் டேப்ரிக்கார்டரில் வால்யூம் திருகு ஒன்று இருக்குமே, அதை எதற்கு வைத்திருக்கிறார்கள்?