மாட்டுக்காரன் வீடு திரும்பிய வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் கௌபாய் படம் என்றால் ஒரே கதைதான். மாட்டுக்காரன் ஒருவன் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, முதலாளியின் மந்தையை ஓட்டிக்கொண்டு வடக்கே போகிறான். பழைய நாவல் அது. இரண்டு முறை படமாக எடுத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் அவன் பத்திரமாக வீடு திரும்பிவிடுவான். கலரில் ஆற்று வெள்ளத்தில் மாடுகளோடு போய்ச் சேர்ந்துவிடுவான். அப்பா கலர் படத்தின் கட்சி. அரபு நாட்டில், புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு வெல்டிங் வைக்கிற மனிதருக்கு அமெரிக்க மாடுகளிடம் என்ன வேலை என்று அம்மா கேட்பாள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

அங்கே வார விடுமுறை வெள்ளி என்பதால், ஞாயிற்றுக்கிழமைக் கடனை வெள்ளிக்கிழமையே தீர்த்துவிடுவது வழக்கம். காலையில் மாதா கோவிலில் பூசை, மதியம் மீன் குழம்பு, பிறகு படம். தப்பித் தவறிக் கறுப்பு வெள்ளையைப் போட்டால் கடைசிக் காட்சியில் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்காது. “மாடு மேய்க்கப் போனவன் சட்ட கசங்காம வந்துருக்கான் பாரு” என்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் கொடுத்துவந்த வீட்டைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அம்மாவும் நானும் நாகர்கோவிலுக்குப் போய்விடுவது, அப்பா கேம்பில் மற்ற ஆண்களோடு ஒரே ரூமில் தங்குவது என்று பேசி முடித்திருந்தார்கள். அப்பாவுக்கு அனுப்ப மனமில்லை, அம்மாவுக்குப் போக மனமில்லை. எனக்கு லீவு என்று மட்டும் சொன்னதால் நான் குஷியாக இருந்தேன். லீவுக்குப் போகிறவர்கள் மிக்சியையும் தையல் மெஷினையுமா கட்டுவார்கள் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை. போதாததற்கு அந்த வாரம்தான் ஸ்கூல் லைப்ரரியில் அந்த நாவல் என் கையில் அகப்பட்டது. இரண்டு படமும் புளுகு என்று கண்டுபிடித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அப்பா தாமாகவே கறுப்பு வெள்ளையைப் போட்டார். கௌபாய் படத்துக்கு ஒருநாளும் உட்காராத அம்மா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாட்டுக்காரன் வாசலில் குதிரையை நிறுத்தினான். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை.

“இது ராங்ப்பா” என்றேன். “புக்ல அவன் இப்படி வரமாட்டான். அடுத்த சீசன் வாறேன், அடுத்த சீசன் வாறேன்னு சொல்லிட்டே இருப்பான்.”

“வாய மூடிட்டு இரி” என்றாள் அம்மா. அவள் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. படம் பார்க்கிறபோது தொணதொணத்ததற்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா படத்தை நிறுத்தினார். “பிள்ள சொல்லட்டும், விடு. பொறவு எப்பம் வந்தான் மக்ளே?”

“ரொம்ப வருஷம் கழிச்சு. அதுக்குள்ள மக வளந்து பெரிய பொண்ணாயிட்டா.”

“அவனப் பாத்து என்ன செய்தா?”

நாவலைப் பற்றிக் கேட்க ஒருவழியாக ஓர் ஆள் கிடைத்துவிட்டார். எழுந்து நின்று, கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்ப்பதுபோல் நடித்தே காட்டினேன்.

“உங்களுக்கு யாரு வேணும்னு கேட்டா.”

அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா ரிமோட்டை எடுத்து, மாட்டுக்காரன் வந்து இறங்குகிற இடத்தை மறுபடியும் போட்டார்.

“புக் எழுதினவன் கெடக்கான்” என்றார்.

நாவலைப் படித்தவள் நான் ஒருத்திதானே. ஜெயித்துவிட்டேன் என்ற பெருமையோடு அவர் மடியில் தலைவைத்து, அவர் திரும்பத் திரும்பப் போட்ட அந்த ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.