கெட்டிப் பாட்டன் துறை

என் அண்ணி உல்மெகென் இரும்பை இரும்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கெட்டியானது" என்பாள். ஆணி கெட்டியானது, அடுப்புக் கம்பி கெட்டியானது. எங்கள் பேச்சில் ரயில் பாதைக்கு இரும்பு வழி என்று பெயர். ஒருமுறை ரயில் நிலைய வரிசையில் நின்று, "கெட்டி வழியில போற வண்டிக்கு ரெண்டு சீட்டு குடும்மா" என்று கேட்டாள். உள்ளே இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

காரணம் என் கொள்ளுத்தாத்தா. அவர் பெயர் தெமிர்பெக். தெமிர் என்றால் இரும்பு, பெக் என்பது தலைவருக்கான மரியாதைச் சொல். எங்கள் கசாக் குடும்பங்களில் மருமகளாக வந்தவள் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. உயிரோடு இருப்பவர் பெயர் மட்டுமல்ல, செத்து எழுபது ஆண்டு ஆனவர் பெயரையும் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் ஒட்டியிருக்கும் பொருளையும் சொல்லக் கூடாது. மருமகனுக்கு இப்படி ஒரு விதி உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். அவன் மாமனார் பெயரைத் தெருவில் கத்திக் கூப்பிடலாம். நான் முப்பத்தைந்து ஆண்டு பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள். உலோகத்தின் பெயரை வாயால் சொன்னால் செத்தவருக்கு வலிக்கும் என்பதற்கு ஒரு சோதனையும் நான் கண்டதில்லை.

கணவனின் தங்கை பெயரையும் சொல்லக் கூடாது. அதனால் அறுபது வயதான என்னை அண்ணி இன்றும் "குட்டிப்பொண்ணு" என்றுதான் கூப்பிடுகிறாள். கடைத்தெருவில் அப்படிக் கூப்பிட்டால் ஆட்கள் திரும்பிப் பார்த்து ஏமாந்து போகிறார்கள்.

அண்ணி எழுபத்தெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இருபது வயது. பிறந்தது கடலிலிருந்து நானூறு கிலோமீட்டர் உள்ளே, ஒட்டகமும் உப்பு மண்ணும் தவிர வேறொன்றும் இல்லாத மேட்டு நிலத்தில். எங்கள் கடலோர நகரமான அக்தாவ் அப்போது ஷெவ்சென்கோ என்ற பெயரில் இருந்தது. குழாயில் வரும் நல்ல தண்ணீர் கடலில் இருந்து காய்ச்சி எடுத்தது என்று கேட்டதும் அவள் குழாயை மூடி மூடித் திறந்து பார்த்தாளாம். நகரத்துப் புகைப்பட நிலையத்தில் படங்களைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றே ஆண்டில் கேமரா அவள் கைக்கு வந்தது. அங்கிருந்த ஆண்கள் இருவரும் சனிக்கிழமை மதியத்துக்குள் குடித்துவிடுவார்கள்; கல்யாணங்கள் எல்லாம் சனிக்கிழமைதான் நடக்கும்.

அந்தச் சனிக்கிழமைகள் இன்னும் என் காதில் கேட்கின்றன. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் கார்கள் வரிசையாகக் கிளம்பும். முதல் கார் மூக்கில் பொம்மை கட்டியிருக்கும், கதவுகளில் ரிப்பன் துடிக்கும், ஹாரன் நிற்காது. நகரத்தைத் தாண்டியதும் கடலோரச் சாலை. இடது பக்கம் பச்சையும் நீலமுமாகக் கடல், வலது பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. நடுவே ஒட்டகம் படுத்திருந்தால் கல்யாணமே இறங்கி நின்று அதைக் கெஞ்சும். நாற்பது நிமிடத்தில் சாலை சரிந்து ஒரு துறைக்கு இறங்கும். என் கொள்ளுத்தாத்தா கிணறு வெட்டிப் படகு கட்டிய துறை அது. அவர் பெயர்தான் அதற்கு. கடற்கரைப் படம் கேட்பவர்களுக்கு அங்கேதான் எடுப்பார்கள்.

அண்ணிக்கு அதில் ஒரு முறை இருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் கடலைப் பார்த்து நிற்க வைப்பாள். அப்போதுதான் காற்று முகத்திரையைப் பின்னால் தள்ளும். அவள் கடலுக்கு முதுகைக் காட்டி, நீரின் விளிம்பில் குதிகால் நனைய நின்று எடுப்பாள். அதனால் படத்தில் கடல் வராது. சாலையும் கார்களும் பாறையும்தான் வரும்.

"இவ்வளவு தூரம் கடலுக்கு வந்து, கடலே இல்லாம எடுத்திருக்கியே!" என்று பெண்ணின் அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள்.

"கடல் நாளைக்கும் இருக்கும். உங்க பொண்ணு மூஞ்சி இன்னைக்கு மட்டும்தான் இப்படி இருக்கும்" என்பாள் அண்ணி.

அவள் சாலையைப் படத்தில் வைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. அதை அவள் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். துறைக்கு இறங்கும் அந்தக் கிளைச் சாலையைச் சமன் செய்து போட்டது என் அண்ணன் சகின்திக். அவன் சாலை உருளை ஓட்டுநர். ஒவ்வொரு கல்யாணப் படத்திலும் அவன் வேலை பின்னால் நிற்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவன் இறந்தபோது அந்தச் சாலை முடியும் இடத்தில், எங்கள் குலத்தின் பழைய இடுகாட்டில் அடக்கம் செய்தோம். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி எண்ணெயில் ஏழு ரொட்டி சுட்டுக்கொண்டு போவாள். என் பழைய நீவா காரில் நான்தான் ஓட்டிப் போவேன்.

"செத்தவங்க ரொட்டி சாப்பிட மாட்டாங்க அண்ணி."

"நீ சாப்பிடறியே. போன வாரம் மூணு."

அந்த வாரமும் மூன்று சாப்பிட்டேன்.

போன வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாலை துறைக்குத் திரும்பும் இடத்தில் இரும்புத் தூண் நட்டுச் சங்கிலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் சீருடைக் காவலாளி, பின்னால் வேலையாட்கள் தங்கும் தகர அறைகள். கடலோர ஓய்வு நகரம் கட்டப்போவதாகப் பெரிய பலகை. அதில் பனை மரம் வரைந்திருந்தது. எங்கள் மண்ணில் பனை எங்கே முளைக்கும்?

"யாரைப் பாக்கணும்?" என்றான் காவலாளி.

"என் வீட்டுக்காரரை" என்றாள் அண்ணி.

"எந்த அறை?"

"மூணாவது வரிசை. அவரால எழுந்து வர முடியாது, அதனால நான் போறேன்."

அவன் முகம் சிவந்து சங்கிலியை இறக்கினான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அனுமதிச் சீட்டு வேண்டும் என்றும் சொல்லிவிட்டான். வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணி, "அவர் போட்ட ரோட்டுல அவரைப் பாக்க நான் சீட்டு வாங்கணுமா?" என்று கேட்டாள்.

நான் விசாரித்தேன். நிறுவனம் கொடுத்த மனுவில், அங்கே பொதுச் சாலை எப்போதும் இருந்ததில்லை, வெறும் வண்டித் தடம்தான் என்று இருந்தது. சாலைத் துறையின் பழைய காகிதங்கள் ஒன்றுகூட இல்லை. யாருக்கும் வேண்டாத காகிதம் தானாகத் தொலையும்; தொலைய வேண்டும் என்று யாராவது விரும்பினால் இன்னும் சீக்கிரம் தொலையும். இலையுதிர் காலத்தில் பொது விசாரணை. ஆட்சேபம் உள்ளவர் ஆதாரத்தோடு வரலாம்.

ஆதாரம் அண்ணியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. தொண்ணூற்றாறில் புகைப்பட நிலையம் மூடியபோது குப்பைக்குப் போன ஃபிலிம் உறைகளை அவள் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். உறையின் மேல் தேதி, மணமக்கள் பெயர், இடம், நிலையத்தின் முத்திரை. அந்தத் துறைக்கு மட்டும் அறுபத்தொரு உறைகள்.

"ஒவ்வொண்ணும் எடுத்த இடத்துல நின்னு திரும்ப எடுக்கறேன். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம்" என்றாள்.

அல்மாத்தியிலிருந்து ஃபிலிம் வரவழைத்தேன். அவளுடைய பழைய ஜெனித் கேமராவைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். காவலாளிக்கு இரண்டு ரொட்டி கொடுத்தோம். அவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

பழைய படத்தை ஒரு கையால் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பாறையின் விளிம்பு பொருந்தும்வரை பின்னால் நடப்பாள். "இது ஷாக்கிசா. மாப்பிள்ளை டை பறந்து பறந்து மூஞ்சில அடிச்சுது, காகிதக் கிளிப் போட்டேன். இது அந்த நர்ஸ் பொண்ணு, அழுதுட்டே இருந்தா, ஒட்டகம் தும்மினதும் சிரிச்சா பாரு, அந்த நொடி." முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது. எண்பத்திரண்டின் படத்தில் அவள் நின்ற இடத்துக்கும் தொண்ணூற்றுநான்கில் நின்ற இடத்துக்கும் பதினைந்து அடி வித்தியாசம். அந்த ஆண்டுகளில் கடல் ஏறிக்கொண்டே வந்தது. அவளைச் சாலையை நோக்கித் தள்ளியது.

கடைசிப் படத்தின் இடத்தைக் கண்டுபிடித்ததும் அப்படியே நின்றாள். எடுக்கவில்லை.

"என்ன அண்ணி?"

"இங்க நின்னா என் குதிகால் நனையும்."

திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் வெடித்த சேறு, அதற்கப்பால் நாணல், அதற்கும் அப்பால், அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு கோடாகக் கடல். எங்கள் ஊர்ப் பக்திமான்கள், பெண்கள் குட்டைப் பாவாடை போட்டதால் கடல் போனது என்கிறார்கள். நிலம் சூழ்ந்த எங்கள் கடலை ஆறுகள்தான் நிரப்ப வேண்டும்; ஆற்று நீர் குறைந்ததும் வெயில் கூடியதும் பாவாடையைக் கேட்டு நடப்பதில்லை. அண்ணி குதிகாலைச் சேற்றில் ஊன்றி, நீர் வரட்டும் என்பதுபோல் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எடுத்தாள்.

காரில் உறைகளை அடுக்கும்போதுதான் நான் இடத்தின் பெயரைக் கவனித்தேன். அறுபத்தொன்றிலும் அண்ணியின் அழகான கையெழுத்தில், "கெட்டிப் பாட்டன் துறை."

"அண்ணி! இது என்ன? எந்த வரைபடத்துல இந்தப் பேர் இருக்கு?"

"பின்னே, நான் எப்படி எழுதறது?"

"சொல்லத்தானே கூடாது? எழுதினா என்ன?"

"எழுதறதும் சொல்றதும் ஒண்ணுதான். படிக்கிறவன் வாயால படிப்பான்ல."

"கொடுங்க, நான் அடிச்சுட்டு எழுதறேன்."

உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உன் எழுத்து விழுந்தா திருத்தினதும்பாங்க. விடு. படத்தைப் பாத்தா தெரியாதா?"

தெரியவில்லை. விசாரணை கலாச்சார மண்டபத்தில் நடந்தது. முன் வரிசையில் எங்கள் குலத்து ஆண்கள், நடுவில் என் பெரியண்ணன் ஓரின்பாய், எண்பத்தொரு வயது, கைத்தடி, கம்பளித் தொப்பி. நிறுவனத்தின் வக்கீல் சின்ன வயசு, மரியாதைக்குக் குறைவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அருமையான படங்கள் அம்மா. ஆனா பழசுல பொண்ணு மாப்பிள்ளை காலடியில ஈர மணல், புதுசுல காஞ்ச மண்ணுதான் இருக்கு. வெள்ளைப் பாறை இந்தக் கரை முழுக்க ஒரே மாதிரிதான். உறையில இருக்கற பேர் எந்த வரைபடத்துலயும் இல்ல. இது அந்தத் துறைதான்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

"படம் எடுத்தவங்க வாயால சொன்னா குறிப்புல எழுதிக்கறோம்" என்றார் தலைவர். "சொல்லுங்கம்மா. எந்தத் துறை?"

நான் எழுந்தேன். "நான் சொல்றேன்."

"படம் நீங்க எடுத்தீங்களா டீச்சர்?"

"இல்ல."

"அப்ப உட்காருங்க."

"எங்க வீட்டுக்காரரோட தாத்தாவுக்கு அப்பா..." என்று ஆரம்பித்தாள் அண்ணி. "அவர் பேருள்ள துறை."

"அவர் பேரு?"

பெரியண்ணனின் தடி தரையில் ஒருமுறை தட்டியது. அவர் வேண்டுமென்றே தட்டினாரா, தடி நழுவியதா, எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சட்டம் படித்த வக்கீலால் மூடமுடியாத வாயை ஒரு வழக்கம் மூடியிருந்தது. அந்த மண்டபத்தில் இருந்த எந்த ஆணும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரும் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை.

"தெரியலைன்னு எழுதிடலாமா?" என்றான் வக்கீல், மெதுவாக.

அண்ணி மேசைக்குப் போனாள். அழுதுகொண்டிருந்து சிரித்த நர்ஸின் படத்தை எடுத்துப் பார்த்தாள். பின்னால் சாலை தெரிந்தது.

"தெமிர்பெக்" என்றாள். முன் வரிசைக்கு மட்டும் கேட்டது, மறுபடி சொன்னாள், இந்த முறை பின் வரிசைக்கும் கேட்டது. "தெமிர்பெக் துறை. இந்த ரோட்டை என் வீட்டுக்காரர் போட்டார். அறுபத்தொரு கல்யாணம் இதுல போய் நான் எடுத்திருக்கேன். அதுல ஒரு பொண்ணுகிட்டகூட, எந்த அறைன்னு யாரும் கேக்கலை."

எல்லோரும் பெரியண்ணனைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு குறிப்பெடுத்தவளை நோக்கித் தடியை நீட்டினார்.

"ஒழுங்கா எழுதிக்கோ. பெக்கை விட்டுடாதே. அவர் கோபக்காரர்."

பின்னாலிருந்து அவருடைய மனைவியே முதலில் சிரித்தாள். அவளும் எங்கள் வீட்டு மருமகள்தான். "நாங்க எல்லாருமே கெட்டிப் பாட்டன்னுதான் சொல்லுவோம், அதையும் எழுதிக்கோம்மா" என்று கத்தினாள்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. துறைக்கு இறங்கும் சாலையும் இடுகாடும் பொது நிலம். கடற்கரையின் மீதி நிறுவனத்துக்கே போனது. அதற்கும் மனுப் போட்டிருக்கிறேன், விடப்போவதில்லை. சங்கிலி போய்விட்டது. தூண் மட்டும் நிற்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பத்தில் அண்ணி என் தோளைத் தட்டினாள்.

"அந்தக் கெட்டித் தூண் பக்கத்துல கொஞ்சம் நிறுத்து, குட்டிப்பொண்ணு."

"இன்னுமா? மண்டபம் முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னீங்களே!"

"அது ரோட்டுக்காகச் சொன்னேன். இது என் வாய். எப்ப எதைச் சொல்லணும்னு நான் பாத்துக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது, பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். அவள் இறங்கி, திறந்து கிடந்த சாலையைப் படம் எடுத்தாள். ஆளில்லை, காரில்லை, பொம்மையில்லை. எந்தப் பழைய கல்யாணத்தோடும் பொருத்திப் பார்க்காமல் எடுத்த முதல் படம்.

படத்தைக் கழுவி முடித்ததும் அறுபத்திரண்டாவது உறையை மேசையில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினாள். தேதி. மணமக்கள் என்ற இடத்தில் ஒரு கோடு. இடம் என்ற இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்: தெமிர்பெக் துறை. பொதுச் சாலை.

சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். "உனக்குத்தான் படிக்கத் தெரியுமே" என்று சொல்லி, மை காயட்டும் என்று உறையை ஜன்னலோரம் வைத்தாள்.