தராசு நின்ற இடம்

அறுபதுகளில் கோவையில் ஒரு பேட்டரிக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். பஸ், லாரிகளுக்கு பேட்டரி செய்வோம். அதற்கு ஈயம் வேண்டும். சுரங்கத்து ஈயம் கப்பலில் வர வேண்டும். லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் செத்த பேட்டரிகளை வாங்கி உருக்கினோம். "நமக்குச் சுரங்கம் இதுதானுங்க" என்று முதலாளி பெருமையடிப்பார். சுரங்கம் வந்த இடத்தில் மண் என்ன ஆகும் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

பழைய பேட்டரிக்கு எடை போட்டுத்தான் விலை. உள்ளே ஆசிட் இருந்தால் எடை கூடுமே! அதனால் தராசு வாசல் கேட்டுக்கு வெளியே நின்றது. விற்க வருகிறவர்கள் ஆசிடைப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டுத்தான் பேட்டரியைத் தட்டில் ஏற்ற வேண்டும். பள்ளம் போய் முடிவது மாராத்தாளின் தோட்டத்தில். புருஷன் இல்லாதவர். ஒரு கிணறு, சில மாடுகள், அதுதான் பிழைப்பு.

ஒருநாள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, எங்கூட்டுக் கிணத்துத் தண்ணி புளிக்குதுங்க. மாடு மோந்து பாத்துப்போட்டு நவுந்துக்குதுங்க."

முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மழை பேஞ்சா சரியாப் போயிருமுங்க அம்மணி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு தொட்டி கட்டி, சுண்ணாம்பு போட்டு ஆசிடை முறிச்சுப்போடலாமுங்க" என்றேன்.

"தொட்டியா? ஈயம் வாங்கறமா, கட்டடம் கட்டறமா? போயி வேலையப் பாருங்க."

மழையும் பெய்தது. பள்ளத்தில் கிடந்ததெல்லாம் கிணற்றில் இறங்கியது. கறவை மாடு ஒன்று செத்தது. மிச்சத்தை மாராத்தாள் அவிநாசிச் சந்தையில் விற்றுவிட்டார்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. தராசு மழையில் துருப்பிடிக்கிறது என்று சொல்லி, காம்பவுண்டுக்குள் கொட்டகைக்கு மாற்றக் கேட்டேன். முதலாளி யோசிக்காமல் தலையாட்டினார். கொட்டகைக்குப் பக்கத்தில் கம்பெனிக் கிணறு. அவர் வீட்டுச் சமையலுக்கும் அதே தண்ணீர்தான்.

ரெண்டே நாளில் ஓடி வந்தார். "ஏனுங்க, கிணத்தோரம் மண்ணு நுரைக்குது! என்னங்க இது?"

"ஆசிடுங்க. தராசு இருக்கற எடத்துலதானுங்க வடிப்பாங்க."

மறுநாள் காலை கொத்தனார் வந்துவிட்டார். தொட்டி, சுண்ணாம்பு எல்லாம் வந்தது. அடேயப்பா, என்ன வேகம்! அந்தத் தொட்டிக்கு மணல் சுமக்கக் கூலிக்கு வந்தவர்களில் மாராத்தாளும் ஒருவர்.

மணல் சட்டியை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இத முன்னாலயே கட்டிருக்கலாமுங்கல்ல?"

வாங்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சரக்கு மலிவு என்று யாராவது சொன்னால், முதலில் அவர் எந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார் என்று கேளுங்கள்.