நகரியில் குறத்தி மாறிய அமாவாசை

காலை பதினொன்று நாற்பது. திருப்பதியில் பல் டாக்டரின் வரவேற்பறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சுவரில் மாட்டியிருந்த டி.வி.யில், சீரியலுக்கு நடுவே, ஒரு பெண்ணின் முகம். கழுத்துக்குக் கீழே மஞ்சள் பட்டையில் எழுத்து: ‘இவருக்குப் பதில் இனி இவர்.’ நாலு விநாடி இருக்கும். காத்திருந்த ஏழு பேரில் ஐந்து பேருக்குப் பல்வலி போய்விட்டது.

“அந்தப் பொண்ணு எங்க போச்சு?” என்றாள், கன்னத்தைச் சேர்த்துத் துணி கட்டியிருந்த ஓர் அம்மாள்.

“இவளுக்கு அழுகையே வராதுக்கா, வேணா பாருங்க.”

“நேத்து வரைக்கும் ஒரு மூஞ்சி, இன்னிக்கு வேற மூஞ்சி. அந்த மாமியாருக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது பாருங்க!” என்றார் கம்பவுண்டர்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழவில்லை. துணி கட்டிய அம்மாளுக்கு என் முறையை விட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அவளும் எழுவதாக இல்லை. அவளுடைய பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு வாசனை வந்தது. தண்ணீர் தெளித்த ஆற்றுமணல், அவித்த மல்லாக்கொட்டை, தறியின் பாவு நூலுக்குப் பூசிய கஞ்சி வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும் புளிப்பு, மூன்றும் சேர்ந்தது. நகரித் தகரக் கொட்டகையின் வாசனை அது. பேச்சில் வாசனை வருமா என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது.

ஆந்திர ராஜ்யம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூர் ஜில்லாவில் எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். நான் புத்தூரில் அறை எடுத்துத் தங்கி, சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். “உன் அபிப்பிராயம் வேண்டாம், எத்தனை பேர், எத்தனை மணி, அதை எழுது” என்று உதவி ஆசிரியர் முதல் வாரமே சொல்லிவிட்டார். அதனால் எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். கூட்டத்தை எண்ணுவேன், கொடிகளை எண்ணுவேன். ஒரு கல்யாணத்தில் அப்பளத்தை எண்ணி மாட்டிக்கொண்டதும் உண்டு.

நகரியில் நாடகம் பார்க்கப் போக வேண்டியது அமாவாசையன்று. மற்ற நாட்களில் தெருவுக்குள் போனால் தறிச் சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்காது. அமாவாசைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள். அன்று மட்டும் நாடகக் கம்பெனி பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம் வைத்தது. தறிக்காரர் குடும்பங்கள் ஒன்று மிச்சமில்லாமல் வரும். ஆண்கள் மணலில் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், பின்னால் பெஞ்சு. பெஞ்சில் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தெலுங்கு வாத்தியார்கள். தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக மணலில் விழும். வெயில் நகர நகர ஜனமும் நகரும்.

நாடகத்துக்கு நோட்டீஸில் ஒரு நீளமான பெயர் இருந்தது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. குறத்தி நாடகம் என்றே சொல்வார்கள். இளவரசிக்குக் கை பார்த்துக் குறி சொல்ல ஒரு குறத்தி வருவாள். ராஜா தமிழில் கேட்பார், மந்திரி தெலுங்கில் பதில் சொல்வார், ராஜாவுக்குப் புரிந்துவிடும். எட்டு மாதமாக அதே நாடகம்தான். எல்லாருக்கும் பாட்டு மனப்பாடம். ராஜா ஓர் அடியை விட்டுவிட்டால் மணலிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

குறத்தி வேஷம் தனகோட்டிக்கு. மூக்குத்தி மின்ன அவள் வந்து நின்றால் சோடா உடைக்கிறவன்கூட நிறுத்திவிடுவான். ஓர் அமாவாசையன்று அவள் பாடி முடித்ததும், பாவு கோவிந்தன் மணலில் எழுந்து நின்று, “எங்களுக்கும் குறி சொல்லிட்டுப் போ குறத்தி, நூலு வெல எப்ப எறங்கும்?” என்று கத்தினார். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி பூசும்போது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கத்திப் பழகிய தொண்டை. தனகோட்டி சளைக்கவில்லை, அதே மெட்டில் இரண்டடி கட்டிப் பாடிவிட்டுப் போனாள். அன்று முதல் அது வழக்கமாயிற்று. குறத்தி வந்தால் ஊர் மூன்று கேள்வி கேட்கும், குறத்தி சொல்ல வேண்டும். புத்தூரில் இது கிடையாது, காளஹஸ்தியில் கிடையாது. கம்பெனியின் நாடகப் பாட நோட்டிலும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று இதை நினைவில் வைத்திருக்க வேண்டியவன் நான்.

தனகோட்டி ஒருநாள் சினிமாவில் சேரச் சென்னைக்கு ரயிலேறிவிட்டாள். அடுத்த நோட்டீஸில் அவள் பெயரின்மேல் மட்டும் தாள் ஒட்டி, ‘ஞானம்மா’ என்று எழுதியிருந்தார்கள். படம் தனகோட்டியுடையது.

ஊரே இரண்டாகப் பிரிந்தது என்று எழுதினால் உதவி ஆசிரியர் அடித்துவிடுவார். ஏழெட்டாகப் பிரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

“காளாஸ்திப் பொண்ணாம்பா. தமிழு வருமா?”

“குறத்திக்கு இன்னாத்துக்குய்யா தமிழு? மலைல இருந்து வர்றவ எந்தப் பாஷயா இருந்தா இன்னா?”

“அப்ப நீ போய் குறத்தியா ஆடு. மீசைய மட்டும் எடுத்துடு.”

“குண்டா கீறாளாம்.”

“நல்லதாப்போச்சு. தனகோட்டி பாடிக்கினு இருக்கும்போதே காத்தடிச்சா பூடுமோன்னு எனுக்கு பயமா இருக்கும்.”

பெஞ்சுக்கார வெங்கடப்பா மாஸ்டர் தெலுங்கில், “முதலில் சுருதி சேருகிறதா பார்ப்போம்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். கோவிந்தன் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: “எவ வேணா வரட்டும். மூணு கேள்விக்கு வாயத் தொறக்கட்டும். அப்பால பேசலாம்.”

கம்பெனி முதலாளிக்கும் ஜனம்தான் கணக்கு. “அமாவாசை ஆட்டம் ஒண்ணு பாப்பேன். ஜனம் ஏத்துக்கினா வேஷம் உனுக்கு. இல்லன்னா சாயங்கால வண்டி” என்று ஞானம்மாவிடம் சொல்லியிருந்தார். அவளும் அவள் அம்மாவும் அந்த வேஷத்தை நம்பி காளஹஸ்தியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் ட்ரங்குப் பெட்டி கயிறு அவிழ்க்காமல் கிடந்தது. அன்று காலை நான் பேட்டிக்குப் போனபோது அதன்மேல்தான் என்னை உட்கார வைத்தார்கள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? குரு யார், எத்தனை வயதில் பாட ஆரம்பித்தீர்கள், எத்தனை ராகம் பாடம். பதின்மூன்று கேள்வி. ஊர் மூன்று கேள்வி கேட்கும் என்று சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. முதலாளியும் சொல்லவில்லை, பாட நோட்டில் இல்லாதது அவருக்கு நாடகமில்லை. ஆர்மோனியக்காரரோ, நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தாராம்.

இரண்டு ஐம்பத்தைந்துக்குக் குறத்தி வந்தாள். கையில் கோல், இடுப்பில் கூடை. குரல் தனகோட்டியைவிடக் கனம். தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. பாட்டு முடிந்ததும் பெஞ்சில் கைத்தட்டு. மணலில் ஒரு கைகூடத் தட்டவில்லை. கோவிந்தன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“குறத்தி, நூலு எப்ப எறங்கும்?”

ஞானம்மா ஆர்மோனியக்காரரைப் பார்த்தாள். அவர் தம் கட்டைகளைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளங்காலில் மணல் சுட்ட மாதிரி இருந்தது.

“ஏ நூலு, நைனா?” என்றாள் அவள்.

“பூடுச்சிடா!” என்றது ஒரு குரல். “தனகோட்டியா இருந்தா இந்நேரம் ரெண்டடி பாடி இருக்கும்.”

அந்தக் கேலியிலிருந்துதான் வழக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கூடையை இறக்கி வைத்தாள். “நூலா? மேகம் மேல உந்தி, நூலு அதுக்கும் மேல இருக்குது. மேகம் எறங்கட்டும், அதுகிட்ட விசாரிச்சு சொல்றேன்.” மணலில் பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். கோவிந்தன் சிரிக்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து முனியம்மா, “எம் பொண்ணுக்கு எப்ப கண்ணாலம் ஆவும்?” என்றாள்.

“நாடகப் பைத்தியம் இல்லாத மாப்பிள்ளையா பாரும்மா, உடனே ஆவும்.”

“அப்ப நகரில கெடைக்க மாட்டான்!” என்றாள் முனியம்மா. பெண்கள் பக்கம் முழுக்கக் கைத்தட்டு. இரண்டு தாண்டியாயிற்று. நோட்டில் இரண்டு கோடு கிழித்தேன்.

மூன்றாவது கேள்வி பின்னாலிருந்து வந்தது. யார் கேட்டதென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

“நகரி எந்தப் பக்கம் போவும்? ஆந்திராவா, மெட்ராஸா?”

தனகோட்டியிடம் இதை யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாதென்று யாரும் சொல்லாமலே கேட்காதிருந்த கேள்வி. வெளியே ரயில் பாதையோரச் சுவர்களில் எல்லைக் கோஷங்களின் தார் எழுத்துகள் காயாதிருந்த சமயம். மணலில் பாதி ஒன்றை நினைத்தது, பெஞ்சு வேறொன்றை. “செப்பம்மா, செப்பு!” என்று பெஞ்சிலிருந்தும் ஒரு குரல். முதலாளி திரையோரம் வந்து நின்றார். அவர் கை திரைக் கயிற்றின்மேல் இருந்தது.

மேடைக்கும் மணலுக்கும் நடுவில் நாலு படி. எட்டு மாதத்தில் எந்த வேஷமும் அதில் இறங்கியதில்லை. ஞானம்மா இறங்கினாள்.

“ஊருக்குக் குறி கேட்டா ஊரு கை வேணும். எவரு கை குடுக்குறீங்க?”

எல்லாரும் கோவிந்தனைத் தள்ளினார்கள். அவர் வலது கையை நீட்டினார். அவள் அதை வெயில் காசு ஒன்றின் கீழே இழுத்து வைத்துப் பார்த்தாள். கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். சிரித்துவிட்டாள்.

“நைனா! இந்தக் கையில ரேகையே லேது! தறி ஓட்டி ஓட்டி அத்தினியும் தேஞ்சுபோச்சு. கோடே இல்லாத கையில எல்லைய நான் எட்ல, எப்பிடி பாக்கிறது?”

 கோவிந்தன் தம் உள்ளங்கையைப் பார்த்தார். பக்கத்து ஆளின் கையைப் பிடித்துப் பார்த்தார். அந்த ஆள் தன் மச்சான் கையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மணலில் இருந்த அத்தனை பேரும் உள்ளங்கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அந்தப் பாவுத் தொண்டை திறந்தது.

“ஒன்ஸ்மோர்!”

பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டிருக்கிறேன். வசனத்துக்குக் கேட்டிருக்கிறேன். கை பார்த்ததற்கு ஒன்ஸ்மோர் கேட்டது அன்றுதான். ஞானம்மா படியேறி மறுபடி இறங்கினாள். இந்த முறை நேரே பெஞ்சுக்குப் போய் வெங்கடப்பா மாஸ்டர் கையைப் பிடித்து, “இதுல சாக்பீஸ்தான் தெரியுது” என்றாள். தகரம் அதிர்ந்தது என்பது என் அபிப்பிராயம்; எண்ணிக்கை வேண்டுமென்றால், கைத்தட்டு ஓய ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. நான் நோட்டை நழுவவிட்டு நானும் தட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி கயிற்றை விட்டுவிட்டு உள்ளே திரும்பி, “பெட்டியத் தொறக்கச் சொல்லு” என்றார்.

அடுத்த அமாவாசைக்குள் அபிப்பிராயங்கள் தலைகீழாயின. “தனகோட்டி தமிழு இனிப்புப்பா. திகட்டும்” என்றார் கோவிந்தன். குண்டு என்றவர்கள் ‘குறத்தின்னா இப்பிடித்தான் நெறவா இருக்கணும்’ என்றார்கள். மாஸ்டர் மட்டும் சுருதியைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

எல்லை முடிவாயிற்று. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றன. அந்தப் பக்கம் ஜனம் கொண்டாட்டத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு முதலாளி கொட்டகையைப் பிரித்துத் திருத்தணிக்குக் கொண்டுபோனார். அங்கே சுத்தத் தமிழ்க் குறத்திதான் எடுபடும் என்பது அவர் தீர்மானம். சென்னையில் இரண்டு கூட்டக் காட்சிகளில் நின்றுவிட்டுத் தனகோட்டியும் திரும்பியிருந்தாள்.

அந்த அமாவாசைக்கு நகரியிலிருந்து முப்பத்தெட்டு பேர் பாசஞ்சரில் திருத்தணி போனார்கள். நானும் போனேன். குறத்தி வந்தாள், அதே மூக்குத்தி, அதே மெட்டு. கோவிந்தன் எழுந்து நின்றார். “இது யாரு? எங்க குறத்தி எங்க?”

“குந்துய்யா, மறைக்குது!” என்றார்கள் திருத்தணிக்காரர்கள். அவர்களுக்கு மூன்று கேள்வி வழக்கம் தெரியாது. தனகோட்டி பாடி முடித்து உள்ளே போனாள். நியாயமாகச் சொல்ல வேண்டும், நன்றாகவே பாடினாள். அவர்கள் இரண்டு முறை ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நகரிக்காரர்கள் முப்பத்தெட்டு பேரும் இடைவேளையில் எழுந்து, நாலு மணி வண்டிக்கு நடந்தார்கள். வழி முழுக்க, ஞானம்மாவாக இருந்தால் எந்த இடத்தில் என்ன செய்திருப்பாள் என்பதே பேச்சு.

கம்பெனி பிறகு எங்கே கலைந்தது என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நகரியில் கொட்டகை நின்ற இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ராஜா தமிழிலும் மந்திரி தெலுங்கிலும் பேசிக்கொள்ளும் நாடகத்தை அதற்குப் பின் நான் எங்கும் பார்க்கவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. கொட்டகையைப் பிரித்த வாரம் ஞானம்மாவும் அவள் அம்மாவும் காளஹஸ்திக்குத் திரும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் பாசஞ்சரில். ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை.