மாமியின் ஆணத்தில் உப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டன. ஞாபகம் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தவன், வீட்டுக்கு எந்த ஒழுங்கையால் போவதென்று தெரியாமல் கல்முனைச் சந்தியில் நின்றேன். பெரியநீலாவணை மீன்காரர் ஒருவர் தன் சைக்கிளில் ஏற்றி வந்து வாசலில் விட்டார். மீன் பெட்டியோடு ஒட்டி இருந்து வந்ததில் வெள்ளை உடுப்பு நாறியது.

கிளினிக்கில் டொக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“குளிசை போடுறீங்களா?”

“ஓம்.”

“அப்ப உப்புதான் குறையல்ல. இந்தப் பிரஷரோட வாதம் இன்னொருக்கா வந்தா, மிச்சமிருக்கிற ஞாபகமும் போயிரும். வீட்டுல ஆரு சமைக்கிற?”

“மாமி.”

“அவவிட்ட சொல்லுங்க.”

அதுதான் முடியாத காரியம். கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டில் போய் இருப்பது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் மாமிக்கும் எனக்கும் இடையில் குசினி வாசலில் ஒரு சீலைத்திரை. பன்னிரண்டு வருடமாக மாமி சோறும், நாங்கள் ஆணம் என்று சொல்லும் குழம்பும் ஆக்கிப் போட்டார், நான் சாப்பிட்டேன். ஒரு சொல் நேரே கதைத்ததில்லை. திரை இல்லாதவர்களிடமும் நான் அதிகம் கதைப்பவன் அல்ல.

மனைவி சொல்லிப் பார்த்தாள். மாமியின் பதில் திரைக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

“உப்பில்லாத ஆணத்த மருமகனுக்கு வெக்கிறதா? ஊர் சிரிக்காதா? அவர் ஒண்டும் சொல்லல்லியே. நீ என்ன டொக்டரா?”

அன்று கருவாடும் பொரித்து வந்தது. நோயாளிக்கு வாய்க்கு ருசி வேண்டுமாம். சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து இளைய மகளைக் கூப்பிட வாயெடுத்தேன். பெயர் வரவில்லை. விளையாட்டென்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

சோறு வந்தது. நான் தொடவில்லை. திரையைப் பார்த்து,

“மாமி” என்றேன்.

உள்ளே ஒரு சட்டிமூடி விழுந்தது.

“மாமி, உப்புப் போடாதீங்க. எனக்குப் புள்ளட பேர் மறக்குது.”



“இத ஏன் மருமகன் முந்தியே சொல்லல்ல?”



அன்றிலிருந்து என் ஆணம் தனிச் சட்டியில் உப்பில்லாமல் கொதித்தது. ருசிக்குத் தேசிக்காய் பிழிந்தார். கருவாடு நின்றது. மூன்று மாதத்தில் பிரஷர் இறங்கியது. இறங்கிவிட்டதென்று குளிசையை விட்டுவிடக் கூடாது என்று டொக்டர் சொன்னார். அதை வந்து மனைவியிடம் சொன்னேன்.

“குளிசைய விட வேணாம்” என்றார் மாமி உள்ளேயிருந்து. “கிணத்தடிக்குப் பின்னால ஊதுற பீடிய விடுங்க.”

பீடி விசயம் ஒருவருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த பீடிக்கட்டை எடுத்துத் திரைக்குக் கீழால் தள்ளினேன். ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது.