ஞாயிறு ஓவர்டைம் பட்டியலில் நார்மன் பெயர்

நார்மனுக்கு லாட்டரியில் பதினெட்டு லட்சம் பவுண்டு விழுந்தது ஒரு சனிக்கிழமை. திங்கள் காலை ஆறு மணிக்கு இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊர் ரொட்டித் தொழிற்சாலையில் வழக்கம்போல அடுப்பு முன்னால் நின்றான். பெயரை வெளியே விட வேண்டிய கட்டாயமில்லை என்று லாட்டரிக்காரப் பெண் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். முதல் டீ ஆறுவதற்குள் க்ளைவிடம் விஷயத்தைக் கொட்டிவிட்டான். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் நின்று தட்டு இழுத்தவனிடம் எதை மறைப்பது?

"அடப்பாவி! அப்புறம் ஏன்டா இந்த அனல்ல வேகுற?"

"வீட்ல உக்காந்து செவுத்தையா பாத்துக்கிட்டிருக்கிறது?"

மனைவி விட்டுப் போய் ஒன்பது வருஷம். பிள்ளை குட்டி இல்லை. அவனிடம் முகம் கொடுத்துப் பேசுகிற நாலு பேரும் அந்தக் கூரைக்கு அடியில்தான் இருந்தார்கள். அவர்களோடு கடைசி வரை ஓட்டிவிட்டால் போதும் என்றிருந்தான்.

இரண்டு வாரம் கேலியில் போயிற்று. "தொரை, டீ உங்க கையாலயா? தங்கக் கரண்டி எங்க?" அவனும் சேர்ந்து சிரித்தான்.

மூன்றாவது வாரம்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். ஞாயிறு ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். வியாழன் காலை பலகையில் தாளை ஒட்டுவார்கள், ஆறு பேருக்குத்தான் இடம், முந்தினவனுக்கு வேலை. அந்தப் பக்கமாகப் போனவன் பேனாவை எடுத்து நாலாவதாகத் தன் பெயரை எழுதினான். கை அது பாட்டுக்கு எழுதியது. பொட்டலப் பிரிவு ஷெரில் வந்து பார்த்தபோது தாள் நிறைந்திருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் யாரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. க்ளைவ்தான் வாயைத் திறந்தான்.

"பையனுக்கு ஷூ வாங்க அந்த ஞாயித்துக்கிழமையத்தான் நம்பியிருந்தா ஷெரில். தெரியுமாடா ஒனக்கு?"

"பழக்கதோஷம்டா, எழுதிட்டேன். இப்பவே பேர அடிச்சிடறேன். ஷூவும் நானே வேணா..."

ஷெரில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "உன் பிச்சைய யாரு கேட்டா, நார்மன்? என் வேலைய எனக்கு விட்டாப் போதும்."

அவள் போன பிறகு க்ளைவ் குரலைத் தணித்தான். "நீ நிக்கிற எடத்துல இன்னொருத்தன் பொழைப்பான்டா. போயிடு. கோவத்துல சொல்லல."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். மறுநாளே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தான்.

அங்கே யார் வேலையை விட்டுப் போனாலும் ஒரு பழுப்பு உறை கைமாறி வரும். ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு, வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். கடைசி நாள் ஷிப்ட் முடிந்து, உடை மாற்றி, சாப்பாட்டு மேசையில் காத்திருந்தான் நார்மன். "வரேன்டா", "நல்லா இரு" என்று ஒவ்வொருவராகப் போனார்கள். க்ளைவ் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். உறை வரவில்லை. லட்சாதிபதிக்கு யார் சில்லறை போடுவார்கள்? அட்டையிலாவது ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை.

மேசை துடைக்கும் வெரா துணியோடு வந்தாள். நேற்று வரை அவனை மண்டூகம் என்று கூப்பிட்டவள்.

"கொஞ்சம் கைய எடுக்கிறீங்களா, சார்?" என்றாள்.